பேங்கில் முதலில் பேசிவிடு

கோத்தகிரி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ பேசியதிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ சொன்ன கணக்கை அப்பாவின் பழைய டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். 2014ல் ஸ்காட்லாந்தில், அபர்டீனில் 1,60,000 பவுண்டுக்கு வாங்கிய பிளாட். அந்த வருஷக் கடைசியிலேயே எண்ணெய் விலை சரிந்தது. எண்ணெய்க் கம்பெனிகளை நம்பி வாழ்ந்த ஊர்; ஆட்கள் கிளம்பக் கிளம்ப வீட்டு விலையும் இறங்கிவிட்டது. இன்றைக்கு 95,000க்குத்தான் போகும், பேங்குக்கு இன்னும் 1,08,000 பாக்கி. கிளாஸ்கோவில் வேலை கிடைத்தும் 13,000 பவுண்டு துண்டு விழுவதால் நகர முடியாமல் நிற்கிறாய். "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றாயே, அந்தச் சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

எங்களுக்கும் இதேதான் நடந்தது கண்ணா. 1997ல் கட்டபெட்டுப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலையைக் கடன் போட்டுத்தான் வாங்கினோம். பச்சைத் தேயிலைக்கு அப்போது நல்ல விலை. இரண்டு மூன்று வருஷத்தில் அடியோடு விழுந்தது. கொழுந்து பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை. ரஷ்யாக்காரர்கள் வாங்குவது குறைந்துவிட்டது என்று குன்னூர் ஏலத்துக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். தோட்டத்தைப் பாதி விலைக்குக் கேட்கக்கூட ஆளில்லை. கடன் மட்டும் அப்படியே நின்றது.

அப்பா அப்போது செய்த ஒரு காரியத்தை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. பேங்கிலிருந்து வந்த கடிதங்களைப் பிரிக்காமலே டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்தார். அவருக்கு அவ்வளவு வெட்கம். ஒருநாள் கம்பளி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன், பதினொரு கவர் இருந்தது. வட்டியும் அபராத வட்டியுமாக ஏறியிருந்தது. மறுநாள் நானே பேங்குக்குப் போனேன். மானேஜர் திட்டுவார் என்று கை நடுங்கியது. அவரோ, "முன்னாலேயே வந்திருந்தால் தவணையை அப்போதே நீட்டித் தந்திருப்போமே அம்மா" என்றார். அப்புறம் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டோம். அப்பா மேட்டுப்பாளையம் மண்டியில் கணக்கு எழுதப் போனார். கடன் அடைய 2011 ஆயிற்று. அவசரத்தில் விற்றிருந்தால் நிலமும் போயிருக்கும், மிச்சக் கடனும் தலையில் நின்றிருக்கும்.

உன் ஊர்ச் சட்டத்தை அத்தை மகளிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பேங்க் தன் அடமானத்தை விடுவித்தால்தான் விற்பனை முடியும். அதனால் அவர்கள் சம்மதம் இல்லாமல் யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. விற்றது போக மிச்சக் கடன் உன் பேரிலேயே நிற்கும். சில பேங்குகள் அந்தத் துண்டையும் சேர்த்துப் புது வீட்டுக் கடனாக மாற்றித் தருவது உண்டாம், ஆனால் அபூர்வமாம். கேட்டுப் பார்ப்பதில் என்ன? கடனை முன்கூட்டி முடித்தால் அபராதம் எவ்வளவு என்பதையும் கேள். நிலையான வட்டிக் காலத்தில் பாக்கிக் கடனில் வருஷத்துக்குப் பத்து சதவீதம் வரை கூடுதலாகக் கட்டப் பெரும்பாலும் அபராதம் இல்லை என்றாள். உன் பத்திரத்தில் எப்படி இருக்கிறது என்று பார்.

எனக்குச் சரியாகப் படுவது வாடகைக்கு விடுவதுதான். அதற்கும் பேங்கின் அனுமதி வேண்டும், கவுன்சிலில் வீட்டுக்காரராகப் பதிவு செய்யவும் வேண்டும். வரும் வாடகை தவணைக்குப் பத்தாவிட்டால் மாதம் எவ்வளவு கையிலிருந்து போகும், கிளாஸ்கோ வாடகை எவ்வளவு, புதுச் சம்பளம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதிப் பார். தாங்கவில்லை என்றால் விற்பதைப் பற்றிப் பேசலாம். சிட்டிசன்ஸ் அட்வைஸில் காசு வாங்காமல் ஆலோசனை சொல்கிறார்களாம். கூச்சப்படாமல் போ.

கூரைக்கு அனுப்புகிறேன் என்ற பணத்தை இந்த வருஷம் அனுப்பாதே. ஒழுகுவது சமையலறை மூலை ஒன்றுதான்; தார் ஷீட் போட்டு ஐப்பசி மழையைத் தாண்டிவிடுவேன். அந்தப் பணமும் அந்த 13,000க்குள் போகட்டும்.

பேங்கில் பேசிய அன்றைக்கே எனக்குப் போன் பண்ணு. இங்கே ராத்திரி எத்தனை மணியானாலும் சரி, எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா