அஞ்சு, பத்து நிமிஷம்

அன்புள்ள ராமு,

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு, உன் மறதி எனக்குத் தெரியும். இங்கே எல்லோரும் நலம். பேரன் லீவுக்கு வந்து வீட்டைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கிறான்.

அவனோடு உட்கார்ந்து 'குங் ஃபூ பாண்டா' கார்ட்டூன் படம் பார்த்தேன். நூடுல்ஸ் கடை வாத்து அப்பாவின் குரல் எங்கேயோ கேட்டதாக இருந்தது. ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஹாங்! பெயர் சொன்னால் உனக்குத் தெரியாது, முகத்தைப் பார்த்தால் "அட, இவரா" என்பாய். 'பிளேட் ரன்னர்' படத்தில் குளிர் அறையில் செயற்கைக் கண் செய்கிறவர்.

உனக்கு எழுதக் காரணம் வேறு. மனுஷன் சிவில் இஞ்சினியர். லாஸ் ஏஞ்சலஸ் கவுண்டியில் ரோடு போடும் உத்தியோகம். மெடிக்கல் லீவு போட்டுவிட்டு நடிக்கப் போவாராம்! ஆபீஸ் நாடகத்துக்காக நீ அதே லீவில் மாட்டிக்கொண்டது ஞாபகம் வந்து சிரித்தேன். அவர் ஒன்றரை வருஷத்தில் வேலையையே விட்டுவிட்டார். நீ விடவில்லை. நல்லவேளை என்பாள் உன் மனைவி. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

அப்புறம் எழுபது வருஷம், அறுநூறுக்கு மேல் படங்களும் தொடர்களும். பெரும்பாலும் சமையல்காரன், வேலைக்காரன், வில்லன். சீன முகத்துக்கு வேறு என்ன கொடுத்தார்கள்? சீனக் கதாநாயகன் வேண்டுமென்றால் வெள்ளைக்காரன் கண்ணை இழுத்து டேப் ஒட்டிவிடுவார்கள். 2023இல், 94 வயதில், நடிகர் சங்க விருது மேடையில் இதைச் சொல்லித்தான் கிண்டலடித்தார். சும்மா புலம்பிக்கொண்டிருந்தவரும் இல்லை. 1965லேயே சில நடிகர்களோடு சேர்ந்து 'ஈஸ்ட் வெஸ்ட் பிளேயர்ஸ்' என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்.

எனக்குப் பிடித்தது 'சைன்ஃபெல்ட்' என்ற அமெரிக்க டிவி காமெடித் தொடரில் 1991இல் வந்த ஒரு எபிசோடு. மூன்று பேர் சீன ஹோட்டலில் மேஜைக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் கதை. வாசலில் நிற்கும் ஹாங் எப்போது கேட்டாலும் "அஞ்சு, பத்து நிமிஷம்" என்கிறார். பொய் சொல்கிற பாவனை துளியும் இல்லை. அரை மணி நேரமும் அந்த ஒரு பதிலிலேயே ஓடுகிறது. நம் ஆபீஸ் கேஷியரை நேரில் பார்த்த மாதிரி இருந்தது.

ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதித்தது 2022இல், 93 வயதில். அதற்கும் டேனியல் டே கிம் என்ற இளைய நடிகர் ரசிகர்களிடம் பணம் திரட்ட வேண்டியிருந்தது.

அந்த எபிசோடை பென் டிரைவில் அனுப்புகிறேன். டாக்டர் சரி என்றதும் பார். பொங்கலுக்கு வருகிறாயா, இல்லை அதற்கும் அஞ்சு, பத்து நிமிஷமா?

அன்புடன்,
மணி