அக்காவுக்கு, இலை உதிரும் வாரத்தில்

அக்கா,

வருகிற ஞாயிறு, அக்டோபர் 26ஆம் தேதி, இங்கே இங்கிலாந்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அது கழிந்து கொஞ்ச நாளில் அம்மாவின் ஐந்தாம் வருஷத் திதி. பத்திர விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று ஏழு வருஷமாக என்னிடமே தங்கிவிட்டது.

ஃபோனில் சொல்லலாம்தான். நாம் ஃபோனில் பேசினால் மூன்றாவது நிமிஷம் என்ன ஆகும் என்று உனக்கே தெரியும். இப்படிப் பொதுவில் எழுதினால் சித்தி வீட்டுப் பிள்ளைகளும் படிப்பார்கள், அதுவும் தெரியும். அதனால் சிலதை எழுதப்போவதில்லை. விட்ட இடம் எது என்று உனக்கு மட்டும் புரியும்.

நீ பார்த்த அதே செர்ரி மரம்தான். இந்த வாரம் மேல்கிளை முழுக்கக் குங்குமம், நடுவில் ஆரஞ்சு, நிழல் விழுகிற கீழ்ப்பக்கம் எலுமிச்சை மஞ்சள். வேலியோரம் ஸ்பிண்டில் செடியில் காய் வெடித்திருக்கிறது. தோல் அடர் ரோஸ், உள்ளே விதை ஆரஞ்சு. இந்த இரண்டு நிறத்தையும் சேர்த்து ஒரு பட்டு நெய்திருந்தால், கண்ணைப் பறிக்குது வேண்டாம் என்று நீ கடையிலேயே திருப்பிக் கொடுத்திருப்பாய். டேலியா இன்னும் பூக்கிறது. ரத்தச் சிவப்புப் பூவும் கருஞ்செம்பு இலையுமாக இருக்குமே, பிஷப் ஆஃப் லாண்டாஃப், அதுதான். உறைபனி ஒரு ராத்திரி இறங்கினால் போதும், எல்லாம் கருகித் தொங்கிவிடும். அப்புறம் கிழங்கைத் தோண்டிக் காயவைத்து ஷெட்டில் எடுத்து வைக்க வேண்டும்.

அடுப்புக்கு விறகு வந்துவிட்டது. ஹீட்டிங் எண்ணெய் லாரி நேற்றுதான் வந்து டாங்கை நிரப்பிவிட்டுப் போனது. சந்து முழுக்க டிராக்டர் இழுத்துப் போட்ட சேறு. காரை மெதுவாகத்தான் ஓட்ட முடிகிறது, ஃபெசன்ட் கோழிகள் திடீர் திடீரென்று குறுக்கே ஓடுகின்றன. வீட்டு வாசல்களில் ஆப்பிளைப் பெட்டியில் வைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். தேவாலயத்தில் அறுவடைத் திருநாளுக்கு இந்த வருஷமும் டின் சாமான்களும் பூசணிக்காயுமாக அடுக்கினார்கள். உனக்கு அது பிடித்திருந்தது. "நம்ம கோயில்ல படையல் வைக்கிற மாதிரி இருக்குட்டி" என்று சொன்னாய்.

கோல்வாலுக்குப் போனதும் ஞாபகம் இருக்கும். மால்வர்ன் மலையின் மேற்குச் சரிவில், 1906இல் தொடங்கிய நர்சரி. மிக்கல்மஸ் டெய்சியில் எத்தனை ஊதா உண்டோ அத்தனையும் அங்கே நின்றது. கத்தரிப்பூ நிறம், நாவல்பழ நிறம், வெளுத்த நீலம். நீ குனிந்து ஒரு பூவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்ம சாமந்திக்குத் தங்கச்சில்லா" என்றாய். தாவரவியல் படித்தவர்கள் சொல்வதும் கிட்டத்தட்ட அதேதான், இரண்டும் ஒரே குடும்பம். அன்று பகல் முழுக்க நாம் சண்டை போடவில்லை. திரும்பும்போது காரில் நீ தூங்கிவிட்டாய்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

2018 அக்டோபர் 28, நீ இங்கே வந்து தங்கியிருந்த சமயம். அன்றும் கடிகாரம் மாறிய ராத்திரி. அந்த ஒரு ராத்திரி மட்டும் நைட் டியூட்டி ஒரு மணி நேரம் நீளும், பன்னிரண்டு மணி நேரம் பதின்மூன்றாகும். முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தா கடைசி மூச்சில் இருந்தார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் மனசுக்குள் என் செர்ரி மரத்தை நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே முதல் உறைபனி. விடிந்து வீட்டுக்குப் போனால் ஒரே ராத்திரியில் இலையெல்லாம் உதிர்ந்து, புல் தெரியாமல் சிவப்பு விரிந்து கிடக்கும். வருஷத்தில் ஒரு காலைதான் அப்படி இருக்கும். அதற்காகவே பதின்மூன்று மணி நேரத்தையும் தள்ளினேன்.

எட்டரைக்கு வந்து பார்த்தால் தரை மொட்டையாக இருந்தது. இலை முழுவதும் மூலையில் ஒரு குவியல். வாசல் கல்லில் தண்ணீர் தெளித்து, அரிசி மாவில் எட்டுப் புள்ளிக் கோலம்.

உன் உடம்புக்குக் கடிகாரம் மாறியது தெரியாது. வழக்கம்போல ஐந்துக்கு எழுந்திருப்பாய், புதுக் கணக்கில் அது நாலு மணி. டார்ச் வெளிச்சத்தில், ஸ்வெட்டருக்கு மேல் என் கோட்டைப் போட்டுக்கொண்டு, வாரியல் கிடைக்காமல் அடுப்படித் துடைப்பத்தால் அவ்வளவு இலையையும் கூட்டியிருக்கிறாய். நான் அசந்து வருவேன், வாசல் லட்சணமாக இருக்கட்டும் என்று.

நான் என்ன கத்தினேன் என்று இங்கே எழுதவில்லை. "ஏட்டி, குப்பையைப் பெருக்கினது ஒரு தப்பா?" என்று நீ கேட்டாய். நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். மஞ்சள் இலைக்குள் முதலிலிருந்தே இருக்கிறது, பச்சை சிதைந்ததும் வெளியே தெரிகிறது, சிவப்பு அப்படியில்லை, பகலில் வெயிலும் ராத்திரி குளிரும் சேரும்போது இலையில் தேங்கிய சர்க்கரையிலிருந்து மரம் அதைப் புதிதாகச் செய்கிறது என்று, குரலை உயர்த்தி, பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கும்போதே. நீ கேட்டுவிட்டுச் சொன்னாய்: "அம்மைக்குக் காலு வீங்கியிருக்கு. நீ இலைக்கு வெளக்கம் சொல்லிட்டிருக்க."

அதற்குப் பதில் எனக்குக் கிடைக்கவில்லை. சேற்று பூட்ஸோடு கோலத்தின் நடுவில் மிதித்து உள்ளே போனேன்.

சாயங்காலம் நீ கேட்டபோது, பார்க்கவில்லை, தூக்கக் கலக்கம் என்றேன். அது பொய். பார்த்துத்தான் மிதித்தேன். மன்னித்துக்கொள் அக்கா.

ஆனால் தெளித்த தண்ணீர் கல்லில் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. தபால்காரர் வழுக்கியிருந்தால்? இடுப்பு எலும்பு மாற்றிய பக்கத்து வீட்டு அம்மா விழுந்திருந்தால்? இதைச் சொன்னால் சாக்கு என்பாய். சாக்குதான், ஆனாலும் உண்மை.

நவம்பர் 5 ராத்திரி ஊர் மைதானத்தில் நெருப்பு மூட்டி, 1605இல் பார்லிமென்டைத் தகர்க்கப் பார்த்தவன் பொம்மையை எரித்தார்கள். மறுநாள் நமக்குத் தீபாவளி. "இவங்களுக்கும் ஒரு நரகாசுரன் இருக்கான்" என்று நீ சிரித்தாய். எட்டு நாளுக்குப் பிறகு என்னைப் பார்த்து நீ சிரித்தது அப்போதுதான். நான் திருப்பிச் சிரிக்கவில்லை. இருட்டில் உனக்குத் தெரிந்ததா என்று இன்றுவரை கேட்டதில்லை.

2020 நவம்பர் பற்றிக் கொஞ்சம்தான் எழுதுவேன். 5ஆம் தேதி இங்கே இரண்டாவது ஊரடங்கு தொடங்கியது. நான் ஏன் வரவில்லை என்பதற்கு ஊரில் சொன்ன காரணங்கள் எல்லாம் உண்மை. உன்னிடம் மட்டும் சொன்ன காரணமும் உண்மை. அங்கே பதினோரு மணி, இங்கே விடியாத ஐந்தரை. அடுப்படி மேசையில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பார்த்தேன். அங்கே ஃபோனைப் பிடித்திருந்தது யார் என்று தெரியவில்லை, கை ஆடிக்கொண்டே இருந்தது. உன் முதுகு மட்டும் தெரிந்தது.

ஏழு மணிக்கு மேல் வெளிச்சம் வந்தது. நீ கூட்டிய அந்த இலையை நான் குப்பைத்தொட்டியில் போடவில்லை அக்கா. கம்பிவலைக் கூண்டுக்குள் அமுக்கி வைத்திருந்தேன். இலை மக்க இரண்டு வருஷம் ஆகும். அன்று காலை வலையைப் பிரித்தால், கறுப்பாக, உதிரியாக, காட்டு வாசனையோடு மண். அதில் அறுபது துலிப் கிழங்கு நட்டேன். துலிப்பை நவம்பரில்தான் நட வேண்டும், மண் குளிர்ந்த பிறகு. கையால் ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. இங்கே அன்று அழுவதற்கு இன்னொரு ஆள் இல்லை.

கருமாதிக்கு வந்தவர்களிடம், "அவ அங்க பூச்செடி வச்சு சந்தோசமா இருக்கா" என்று நீ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அதற்கு மேல் சொன்னதும் காதுக்கு வந்தது. வீட்டு ஓடு மாற்றியது, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், இரண்டுக்கும் பணம் எங்கிருந்து வந்தது என்று அவர்களிடம் சொன்னாயா? நைட் டியூட்டிப் பணம் அது. அம்மாவுக்கு மலம் அள்ளினது நான் என்று நீ சொல்லலாம். சொல், உனக்கு உரிமை உண்டு. நானும் இங்கே யாருடைய அம்மாவுக்கோ அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். இந்த ஏழு வருஷத்தில் ஒருமுறையாவது, அந்த மரம் எப்படி இருக்கிறது என்று நீ கேட்டதில்லை.

கோபத்தில் எழுதிய வரிகளை அழிக்கப் பார்த்தேன். விட்டுவிட்டேன்.

இப்போது பத்திரம். பர்மிங்காம் போய் இந்தியத் துணைத் தூதரகத்தில் கையெழுத்துப் போட்டு, அதிகாரப் பத்திரம் பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. மாமா அதை வைத்து விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவுசெய்வார். வீட்டில் என் பங்கு உனக்கு. இதை விலையாக எண்ணாதே, பதினொரு வருஷம் அம்மாவைப் பார்த்ததற்கு விலை போட என்னால் ஆகாது. எனக்கு அது வேண்டியிருக்காது, அவ்வளவுதான். ஐந்து வருஷத்தில் திரும்பி வந்துவிடுவேன் என்று உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னேன். வரப்போவதில்லை. இந்த வீட்டை வாங்கிவிட்டேன். இதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

பக்கத்து வீட்டு அம்மா இன்று காலையும் ஒரு வாளி பிராம்லி ஆப்பிள் கொண்டுவந்து வைத்தார். நீ நல்லெண்ணெயில் போட்டுக் கொடுத்தாயே ஆப்பிள் ஊறுகாய், அதை வருஷா வருஷம் கேட்கிறார். புளிப்பு மாங்காயளவுக்குச் சரியாக இருக்கிறது. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், மூன்று தடவையும் கசந்தது. வெந்தயம் எவ்வளவு போட்டாய், வறுத்தா, வறுக்காமலா? ஃபோனிலேயே சொல்.