ஈராசிரியர் பள்ளிகளுக்கு மூன்றாவதாக ஒருவர் வேண்டும்

தொடக்கக் கல்வித் துறையில் பணியிடங்களையும் பயிற்சி நாள்களையும் முடிவு செய்யும் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

மதுரை மாவட்டம் பேரையூர் வட்டத்தில், சதுரகிரி மலை கண்ணுக்குத் தெரியும் ஒரு மானாவாரிக் கிராமத்தின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். வகுப்புகள் ஐந்து, தலைமை ஆசிரியரும் நானுமாக ஆசிரியர்கள் இருவர். ஒன்று முதல் மூன்று வரை என்னிடமும், நான்கும் ஐந்தும் அவரிடமும் இருக்கின்றன. ஒழுகும் கூரைக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் தனியே மனு கொடுத்திருப்பதால், அவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்று வகுத்திருக்கிறது. அதே சட்டத்தின் அட்டவணை, முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்களும் 800 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், இருவரின் 1,600 மணி நேரத்தை ஐந்து வகுப்புகளுக்குப் பங்கிட வேண்டும். ஒரு வகுப்புக்கென்று கிடைப்பது 320 மணி நேரம். அதுவும் ஆண்டு முழுவதும் இருவருமே ஒரு நாள்கூடத் தவறாமல் வகுப்பறையில் இருந்தால்தான்.

வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்து நடத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படித்தான் நடத்துகிறோம். 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது எங்களைப் போன்ற பள்ளிகளுக்கு உண்மையிலேயே பொருந்துகிறது. அதற்கு முந்தைய செயல்வழிக் கற்றல் அட்டைகளும் பொருந்தின. ஆனால் எந்த முறையானாலும், அரும்பு நிலைப் பிள்ளை எழுத்தைக் கீழிருந்து மேலாக இழுக்கும்போது அதன் கையைப் பிடித்துத் திருத்த ஓர் ஆள் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

பயிற்சி, கூட்டம், ஆய்வு, தேர்தல் பணி என்று ஏதாவது ஒன்றுக்காக எங்களில் ஒருவர் வெளியே போகும் நாளில், ஐந்து வகுப்புகளும் ஒருவர் பொறுப்பில் வந்துவிடுகின்றன. அப்போது நான்காம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண் குழந்தை, யாரும் சொல்லாமலே சாக்பீஸை எடுத்துக்கொண்டு முதல் வகுப்புப் பிள்ளைகளின் நடுவே போய் உட்கார்ந்துவிடுகிறாள். சிலேட்டில் எழுதிக் காட்டுகிறாள், அழுகிற பிள்ளைக்கு மூக்கைத் துடைத்துவிடுகிறாள், கழிப்பறைக்குக் கூட்டிப் போகிறாள். பார்வைக்கு வந்த ஒருவர், தலைமைப் பண்பு என்று வியந்து பாராட்டிவிட்டுப் போனார். அந்தப் பிள்ளைக்கு இரண்டு இலக்க எண்ணால் வகுக்கும் கணக்கு இன்னும் வரவில்லை. அவளுடைய பெற்றோர் முறுக்கு வியாபாரத்துக்காக வெளி மாநிலத்தில் இருக்கிறார்கள். வீட்டில் அப்பத்தா மட்டும்தான். “இன்னைக்கும் பெரிய டீச்சர் மீட்டிங்குக்குப் போயிட்டாகளா?” என்று வாசலில் நின்று அந்த அப்பத்தா கேட்கும்போது, ஆமாம் என்பதற்கு மேல் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை.

இருவரும் பள்ளியிலேயே இருக்கும் நாள்களிலும், பள்ளி விவரங்களைப் பதிவேற்றும் துறையின் இணையத் தளமான ‘எமிஸ்’ இருக்கிறது. வருகைப் பதிவு, நலத்திட்டப் பொருள்களின் கணக்கு, மதிப்பீட்டு விவரம் என்று ஒவ்வொன்றையும் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். சிக்னலுக்காகத் தெருமுனை வரை நடப்பதும் எங்கள் ஊரில் கற்பித்தல் நேரத்திலேயே சேருகிறது.

துறைக்கு இதன் தீர்வு தெரியாது என்று நான் நினைக்கவில்லை. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில்தான் தொடங்கியது. அடுத்த ஆண்டு எங்கள் ஊருக்கும் வந்தது. அது தடுமாறாமல் நடப்பதற்குக் காரணம், சமைக்கவும் பரிமாறவும் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து ஆளை நியமித்ததுதான். கிச்சடி கிண்டும் வேலையையும் ஆசிரியரிடமே கொடுத்திருந்தால் அந்தத் திட்டம் என்ன ஆகியிருக்கும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். மதிய உணவுக்கும் அமைப்பாளர் இருக்கிறார். ஆள் கொடுத்த திட்டங்கள் நிற்கின்றன. செயலி மட்டும் கொடுத்த திட்டங்கள் எல்லாம் அதே இரண்டு பேர் தலையில் வந்து விழுகின்றன.

எனவே ஆகஸ்ட் 1 நிலவரப்படி பணியிடம் நிர்ணயிக்கும்போது, ஐந்து வகுப்புகளும் இயங்கும் சிறிய பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல் வகுப்புகளின் எண்ணிக்கையையும் பார்த்து, மூன்றாவது ஆசிரியரை அனுமதிக்குமாறு வேண்டுகிறேன். சட்டம் சொல்லும் விகிதம் குறைந்தபட்ச அளவே. அதற்கு மேல் கொடுப்பதை அது தடுக்கவில்லை. நிதி அனுமதிக்கும் வரை காத்திருக்க வேண்டுமென்றால், அருகருகே உள்ள சில பள்ளிகளுக்குப் பொதுவான ஒவ்வொரு குறுவள மையத்துக்கும் ஒரு மாற்று ஆசிரியரையும், பதிவேற்றும் வேலைக்கு உள்ளூரில் படித்த ஒருவரையும் இப்போதைக்கு நியமிக்கலாம். அதுவும் உடனே இயலாதெனில், ஒரே பள்ளியின் இரு ஆசிரியர்களையும் ஒரே வாரத்தில் மாறி மாறி அழைப்பதையாவது நிறுத்துங்கள். அடுத்த பயிற்சிக்கான சுற்றறிக்கையில், ஈராசிரியர் பள்ளி ஒவ்வொன்றின் பெயருக்கு நேரேயும் அன்று அங்கே வகுப்பெடுக்கப் போகும் மாற்று ஆசிரியரின் பெயரைக் குறிப்பிட்டு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இடைநிலை ஆசிரியை ஒருவர்,
பேரையூர் வட்டம், மதுரை மாவட்டம்.