‘எல்லாம் நார்மல்’ என்று சொல்லி அனுப்பும் மருத்துவர்களுக்கு

பொது மருத்துவம் பார்க்கும் டாக்டர்களுக்கு,

வணக்கம். மனநல மருத்துவர்களுக்கு எழுத எனக்கு இப்போது எதுவும் இல்லை. அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டவர்கள் பாதி தூரத்தைத் தாண்டிவிட்டவர்கள். அதற்கு முந்தைய வாசலில் உட்கார்ந்திருப்பது நீங்கள். காய்ச்சலுக்கும் முதுகுப்பிடிப்புக்கும் பார்க்கிற உங்களிடம்தான் எங்களில் நிறையப் பேர் முதலில் வருகிறோம். வரும்போது “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. நெஞ்சு படபடக்கிறது, வயிறு சரியில்லை, தலை பாரமாக இருக்கிறது, எதைச் செய்தாலும் அசதி என்கிறோம். பொய் சொல்லவில்லை. எங்களுக்கு அது அப்படித்தான் தெரிகிறது.

நான் முதலில் வந்தது படபடப்புக்கு. ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சில் ஒட்டியிருந்த ஜெல்லைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே டாக்டர் காகிதத்தை ஒரு ஓட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “எல்லாம் நார்மல். ஒண்ணுமில்லை, போயிட்டு வாங்க” என்றார். நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி படியிறங்கும் வரைக்கும் வந்தது. அப்புறம் ஒரு கேள்வி பிடித்துக்கொண்டது: ஒன்றுமில்லை என்றால், ராத்திரி ரெண்டு மணிக்கு என் நெஞ்சில் நடக்கிறதே, அது என்ன? நானாக இழுத்துவிட்டுக்கொள்கிறேனா? நடிக்கிறேனா?

“ஒண்ணுமில்லை” என்று நீங்கள் சொல்வது இதயத்தைப் பற்றி. எங்கள் காதில் விழுவது எங்களைப் பற்றி.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் உண்டு. அந்த ஈசிஜிக்கும் ஒருவர் என்னிடம் சரியான கேள்வியைக் கேட்டதற்கும் இடையில் பதினோரு மாதம் போயிற்று. நாலு டாக்டர்கள், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன், தலைவலிக்குக் கண் பரிசோதனை, கூடவே தடித்துக்கொண்டே போன ஒரு ஃபைல். ஒவ்வொரு அறிக்கையும் நார்மல். நான் மட்டும் நார்மலாக இல்லை.

பீதி தாக்கும்போது உடம்பு பொய்க்கு ஒன்றும் துடிப்பதில்லை. ஆபத்து வந்துவிட்டதாக மூளை மணியடிக்கிறது, அட்ரினலின் ஏறுகிறது, இதயம் நிஜமாகவே வேகமாக அடிக்கிறது. மூச்சு வேகமாகிறது, அதனால் விரல் நுனியும் உதடும் மரத்துப்போகின்றன. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், அப்புறம் தானாகவே இறங்குகிறது. இதெல்லாம் உங்களுக்குப் பாடப்புத்தகம். எனக்கோ ஒவ்வொரு தடவையும் சாவு. அன்றைக்கு ஈசிஜி காகிதத்தை மடித்துக் கொடுக்கும்போது இந்த நாலு வாக்கியத்தைச் சொல்லியிருந்தால், அடுத்த முறை நான் கடிகாரத்தைப் பார்த்திருப்பேன். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருக்க மாட்டேன்.

கேள்வி கேட்ட அந்த ஐந்தாவது டாக்டரைப் பற்றிச் சொல்கிறேன். அவரும் உங்களைப் போலப் பொது மருத்துவர்தான். கூட்டத்துக்கும் குறைவில்லை. என்னோடு அண்ணன் வந்திருந்தான். டாக்டர் “தூக்கம் எப்படி?” என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் அண்ணன், “நல்லாத்தான் தூங்குறா டாக்டர், பகல்ல கூட படுத்தேதான் கிடக்கா” என்றான். அவன் கண்ணுக்குத் தெரிந்தது அதுதான், அவனைக் குற்றம் சொல்ல முடியாது. டாக்டர் அவனிடம், “நீங்க கொஞ்சம் வெளியே இருக்கீங்களா, நான் பரிசோதிச்சுட்டுக் கூப்பிடுறேன்” என்றார். கதவு மூடியதும் அதே கேள்வியை வேறு மாதிரி கேட்டார்: “காலையில எத்தனை மணிக்கு முழிப்பு வருது?”

மூன்றரை, நாலு. அதற்கு மேல் தூக்கம் வராது. எழுந்துகொள்ளவும் முடியாது. விடியும் வரைக்கும் கூரையைப் பார்த்துக்கொண்டு, இன்னொரு நாள் வரப்போகிறதே என்று கிடப்பேன். இதை நான் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. மறைத்து வைத்ததாகவும் நினைவில்லை. யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நகலுக்கு நகல் எடுத்து எழுத்தெல்லாம் பூஞ்சையாகிப்போன தாள். கட்டங்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன. ஒன்பது கேள்விகள். கடைசிக் கேள்வியின் கீழ்ப்பாதி நகலில் வெட்டுப்பட்டிருந்தது. ‘கடந்த இரண்டு வாரங்களில்’ என்று மேலே போட்டு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை குறிக்கச் சொல்லியிருந்தது.

அதன் பெயர் பிஎச்க்யூ-9 என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். கர்ட் குரோன்கே, ராபர்ட் ஸ்பிட்சர், ஜேனட் வில்லியம்ஸ் ஆகியோர் 2001இல் வெளியிட்டது. மொத்த மதிப்பெண் 27. பத்தோ அதற்கு மேலோ வந்தால் கவனிக்க வேண்டிய மனச்சோர்வு, இருபதோ அதற்கு மேலோ வந்தால் கடுமையானது. மனப்பதற்றத்துக்கு இதே போல ஏழு கேள்விகள் கொண்ட ஜிஏடி-7 என்ற தாள் 2006இல் வந்தது. ரெண்டையும் நகலெடுக்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, காசும் கிடையாது. எண் மட்டுமே நோயைச் சொல்லிவிடாது என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் பேச வாய் வராத ஆளுக்குக் கட்டத்தில் ஒரு டிக் போட முடியும்.

ஒன்பதாவது கேள்வி, இருப்பதைவிடச் செத்துப்போனால் தேவலை என்றோ உங்களை நீங்களே காயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்றோ தோன்றியதா என்பது. நான் 0 போட்டேன். தாளை நீட்டப் போனேன். திரும்ப இழுத்து, 0வை அடித்துவிட்டு 1 போட்டேன். பேனா சரியாக எழுதாததால் ரெண்டு தடவை அழுத்தி அடிக்க வேண்டியிருந்தது.

டாக்டர் கூட்டிப் பார்த்தார், 17 வந்தது. ஆனால் அவர் முதலில் கேட்டது அந்த எண்ணைப் பற்றி இல்லை. “இங்க அடிச்சுத் திருத்தியிருக்கீங்களே” என்றார். அப்புறம் குரலை மாற்றாமல், காய்ச்சல் எத்தனை நாளாக என்று கேட்கிற அதே தொனியில், எப்போதெல்லாம் அப்படித் தோன்றுகிறது, எப்படி என்று யோசித்ததுண்டா, இன்றைக்கு ராத்திரி வீட்டில் கூட யார் இருப்பார்கள் என்று கேட்டார். தற்கொலையைப் பற்றிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று உங்களில் சிலர் தயங்குகிறீர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆய்வுகள் அந்தப் பயத்துக்கு இடம் கொடுக்கவில்லை. என் அனுபவமும் அதுதான். கேட்டபோது எனக்கு முதுகிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போல இருந்தது. சொன்னால் பிடித்துக் கட்டிவைத்துவிடுவார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

(இதை டாக்டர் அல்லாத யாராவது படித்துக்கொண்டிருந்து, அந்த ஒன்பதாவது கேள்விக்கு உங்கள் பதிலும் 0 இல்லையென்றால், இந்தக் கடிதத்தை மூடிவிட்டு இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். டாக்டர்தான் என்றில்லை, உங்களுக்கு நம்பிக்கையான யாரிடமாவது. இப்போதே ஏதாவது செய்துவிடுவோமோ என்று தோன்றினால் தனியாக இருக்க வேண்டாம், அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.)

அதற்கப்புறம்தான் ரத்தப் பரிசோதனை. தைராய்டு, ரத்தசோகை, பி12. அதில் ஏதாவது கோளாறு இருந்தாலும் மனம் இப்படித் தொய்ந்துபோகுமாம். இன்னொன்றும் கேட்டார்: “எப்பவாவது நாலஞ்சு நாள் தூக்கமே இல்லாம, ஆனா அசதியும் தெரியாம, ஏகப்பட்ட உற்சாகத்தோட கன்னாபின்னான்னு செலவு பண்ணிக்கிட்டு இருந்திருக்கீங்களா?” இல்லை என்றேன். இது ஏன் என்று அப்போது புரியவில்லை. இருதுருவ மனநோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் அது எதிர்ப்பக்கம் தூக்கி எறிந்துவிடக்கூடும் என்று பிறகு படித்தேன். அரை நிமிடக் கேள்வி.

மாத்திரை எழுதும்போது அவர் சொன்னது எனக்கு இன்னும் அப்படியே ஞாபகம் இருக்கிறது: “முதல் பத்து நாள் என்னைத் திட்டுவீங்க.”

திட்டினேன். குமட்டல், தலைசுற்றல், எல்லாவற்றுக்கும் மேலாகப் பதற்றம் முன்னைவிட அதிகம். அவர் முன்கூட்டியே சொல்லாதிருந்தால் நாலாம் நாளே மாத்திரையைக் குப்பையில் போட்டிருப்பேன். தொந்தரவு முதலில் வரும், பலன் அப்புறம்தான் வரும், ரெண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம், எண்ணங்கள் மோசமானால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே வாருங்கள், சரியாகிவிட்டது என்று தோன்றினாலும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் எழுதியும் கொடுத்தார். மனம் கலங்கியிருக்கிறவர்களுக்குக் காதில் வாங்கியது பாதி கூட நிற்காது. எழுதிக் கொடுங்கள்.

இதைச் சொல்லும்போது மூன்றாவது டாக்டரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். அவர் ஒரு சின்ன மாத்திரை எழுதினார். “ராத்திரி ஒண்ணு போடுங்க, நல்லாத் தூக்கம் வரும்.” வந்தது. சொர்க்கம்தான். அது பென்சோடயசிபைன் வகை, சில வாரங்களுக்கு மேல் போனால் உடம்பு அதற்குப் பழகிவிடும் என்று அவர் சொல்லவில்லை. எத்தனை நாளைக்கு என்று நானும் கேட்கவில்லை. மாதக்கணக்கில் வாங்கிப் போட்டேன். பிற்பாடு கொஞ்சம் கொஞ்சமாக, கால் மாத்திரை கால் மாத்திரையாகக் குறைத்து விடுபட்டது தனிக்கதை, இங்கே வேண்டாம். மனநல மருந்து என்றாலே ‘அடிமையாக்கிவிடும்’ என்று எங்கள் வீடுகளில் ஒரு பயம் உண்டு. அந்தப் பயத்துக்குத் தீனி போட்டது நான் பயந்து பயந்து ஆரம்பித்த மனச்சோர்வு மாத்திரை இல்லை, யாரும் பயப்படாத அந்தத் தூக்க மாத்திரைதான்.

மனநல மருத்துவரிடம் அனுப்பும்போது எப்படி அனுப்புகிறீர்கள் என்பதிலும் நிறைய இருக்கிறது. நாலாவது டாக்டரும் அனுப்பத்தான் பார்த்தார். “உடம்புல ஒண்ணுமில்லைம்மா, எல்லாம் மனசுலதான். வேணும்னா ஒரு சைக்யாட்ரிஸ்ட்டைப் பாருங்க.” அந்த ‘வேணும்னா’வைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்று வீட்டுக்குப் போய்விட்டேன். என்னைப் பைத்தியம் என்கிறார் என்று ரெண்டு நாள் அழுதேன். அவர் சொன்னதில் தப்பில்லை, சொன்ன விதத்தில் கைகழுவுகிற சத்தம் கேட்டது. ஐந்தாவது டாக்டரோ, “இதுக்குப் பேர் இருக்கு, வைத்தியம் இருக்கு. ஆறு வாரத்துல நாம எதிர்பார்க்கிற அளவுக்குக் குறையலைன்னா இன்னொருத்தரையும் சேர்த்துக்கிட்டுப் பார்ப்போம்” என்றார். அந்த ‘பார்ப்போம்’ என்ற தன்மைப் பன்மைக்காகவே நான் திரும்பிப் போனேன். பிறகு உளவியலாளரிடம் சிபிடி என்கிற பேச்சு சிகிச்சைக்கும் அவர்தான் அனுப்பினார். அங்கே என்ன நடக்கும், வாரம் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும், வீட்டுப்பாடம் கூட உண்டு என்று சொல்லி அனுப்பினார்.

“வாக்கிங் போங்க”, “நல்லதையே நினைங்க”, “உங்களுக்கு என்ன குறை?” இந்த மூன்றில் முதலாவது உண்மையிலேயே நல்ல வைத்தியம், உடற்பயிற்சி மனச்சோர்வைக் குறைக்கும். ஆனால் பல் துலக்க எழுந்திருக்கவே ஒரு மணி நேரம் ஆகிறவளிடம் முதல் நாளே சொன்னால் அது இன்னொரு தோல்வியாகத்தான் சேரும். மூன்றாவது வாரம் சொல்லுங்கள். இரண்டாவதையும் மூன்றாவதையும் எப்போதும் சொல்லாதீர்கள்.

நேரமில்லை என்பீர்கள். தெரியும், வெளியே உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் நானும் ஒருத்திதான். ஒன்பது கேள்விக்கு நேரமில்லாவிட்டால் முதல் இரண்டையாவது கேளுங்கள். பிஎச்க்யூ-2 என்று அதையே தனியாகப் பயன்படுத்துகிறார்கள். கடந்த இரண்டு வாரமாக எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருக்கிறதா? மனம் சோர்ந்து, நம்பிக்கையே இல்லாதது போல இருக்கிறதா? இரத்த அழுத்தப் பட்டையைக் கையில் சுற்றுகிற நேரத்தில் கேட்டுவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கணக்குப்படி உலகத்தில் மனப்பதற்றக் கோளாறு 30.1 கோடிப் பேருக்கு, மனச்சோர்வு 28 கோடிப் பேருக்கு. இத்தனை பேருக்கும் மனநல மருத்துவர்கள் மட்டுமே போதமாட்டார்கள் என்றுதான் அதே நிறுவனம் 2008இல் எம்எச்-கேப் திட்டத்தைத் தொடங்கி, உங்களைப் போன்றவர்களுக்கென்றே வழிகாட்டியும் போட்டிருக்கிறது. இது உங்கள் வேலைக்கு வெளியே இருக்கிற வேலை இல்லை.

கூட வந்தவரை ரெண்டு நிமிடம் வெளியே அனுப்புங்கள். எழுந்துபோய்க் கதவில் கை வைத்தபடி நாங்கள் “அப்புறம் டாக்டர்...” என்று இழுத்தால், கொஞ்சம் உட்காரச் சொல்லுங்கள். நாங்கள் வந்ததே பெரும்பாலும் அதைச் சொல்லத்தான். அடுத்து வர வேண்டிய தேதியை நீங்களே குறித்துக் கொடுங்கள். ‘தேவைப்பட்டால் வாங்க’ என்றால் வரமாட்டோம்.

அப்புறம், உங்களிடம் அந்தத் தாள் ஏற்கெனவே இருந்தால் அதைப் புதிதாக ஒரு நகல் எடுத்து வையுங்கள். ஒன்பதாவது கேள்வி அடியில் வெட்டுப்படாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கூடவே எழுதுகிற பேனா ஒன்று.

இப்படிக்கு,
ஐந்தாவது டாக்டரின் நோயாளி