டபுள் பேஸ் கிட்டுக்குக் கடன் வாங்கப்போகும் தம்பிக்கு

ஏற்காட்டுத் தம்பிக்கு,

காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம் இரண்டு, குச்சியால் அடிக்கும் டாம் டிரம் ஐந்து, மேலே வரிசையாகச் சிம்பல் தட்டுகள் என்று நீ அனுப்பிய டிரம் கிட் படத்தைப் பார்த்தேன். அதைத் தவணையில் எடுக்கப்போகிறாய் என்று அம்மா சொன்னார்கள். எடுக்காதே. நீ கடைசிவரை மெட்டல் என்கிற அதிரடி ராக் இசையை வாசிக்க வேண்டும் என்றுதான் இதைச் சொல்கிறேன்.

மெட்டல் கச்சேரிக்கு நாம் பெங்களூருக்குத்தான் போகவேண்டும், சேலத்திலிருந்தே கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வரும் பஸ்ஸில் இரண்டு பேஸ் டிரம்மை எங்கே வைப்பாய்? மேடையில் பெரும்பாலும் ஒரே கிட் போட்டிருப்பார்கள், வரும் பேண்டெல்லாம் அதில்தான் வாசிக்கும். உன் கையோடு போகவேண்டியவை ஸ்னேர் என்கிற சின்ன டிரம், சிம்பல், பேஸ் டிரம்மை அடிக்கும் கால் பெடல், ஸ்டிக். காசை அதில் போடு. இரண்டு பேஸ் டிரம் செய்யும் வேலையை ஒரே டிரம்மில் இரண்டு காலாலும் மிதிக்கும் டபுள் பெடல் செய்துவிடும், அது ஒரு பைக்குள் அடங்கும்.

அதையும் இடது கால் பழகிய பிறகு வாங்கு. நிக்கோ மெக்பிரெய்ன் 1982 முதல் 2024 டிசம்பர் வரை அயர்ன் மெய்டன் என்ற மெட்டல் பேண்டோடு ஊர் ஊராக வாசித்தார், பேர் வாங்கியதெல்லாம் ஒற்றைப் பெடலில், அதுவும் வெறுங்காலோடு.

சிம்பலில் பித்தளை வேண்டாம், வெண்கலம் வாங்கு. நல்ல சிம்பல் பலவற்றில் 80 பங்கு செம்பு, 20 பங்கு வெள்ளீயம். ஸ்லேயர் என்ற மெட்டல் பேண்டின் டிரம்மராக இருந்த டேவ் லொம்பார்டோ அடித்துப் பேர்பெற்ற, பைஸ்டி கம்பெனியின் ரூட் சிம்பலில் 92க்கு 8, அதனால்தான் அந்தக் கூரான சத்தம் கிடாரையும் தாண்டி வெளியே வருகிறது. அப்புறம், சர்ச் கிட்டில் அந்த க்ராஷ் சிம்பலின் நடு ஓட்டையைக் கவனித்தாயா? ஸ்டாண்டில் இருக்கவேண்டிய பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் கம்பியில் உரசி உரசி ஓட்டை ஒரு பக்கமாக இழுபட்டு, சாவித் துவாரம் மாதிரி ஆகிவிட்டது. விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒரு துண்டு டியூபை வெட்டிப் போடு, மேல் நட்டை இறுக்காதே, சிம்பல் தாராளமாக ஆடவேண்டும்.

வருமானத்தையும் பேசிவிடலாம். லொம்பார்டோ அளவுக்குப் பேர் எடுத்தவரே 2013இல் சம்பளத் தகராறில் ஸ்லேயரை விட்டுப் போக நேர்ந்தது. அதனால் சர்ச், மெல்லிசைக் குழு, கல்யாணக் கச்சேரி எதையும் விடாதே. ஆறே எட்டு (6/8) தாளத்தில் அலுங்காமல் நிற்கிற கைக்கு மெட்டலிலும் வேலை உண்டு, வாடகையும் அதில்தான் வரும்.

காதுக்கு அடைப்பான் இல்லாமல் உட்காராதே. 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம் என்கிறார்கள், 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்தான். மெட்டாலிகா பேண்டின் டிரம்மர் லார்ஸ் உல்ரிக்குக் காதில் ஓயாத இரைச்சல் வந்தது இப்படித்தான்.

கடையில் இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், இன்றைக்கே ஃபோன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடு. பெடல் பார்க்க நானும் கூட வருகிறேன்.

அண்ணன்