எந்த வேலைக்கு எந்த ஏஐ?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஏஐ என்றாலே சாட்ஜிபிடிதான் என்று பலர் நினைக்கிறார்கள், போன வருடம் வரை நானும் அப்படித்தான் இருந்தேன். பழைய தமிழ்ப் புத்தகங்களை மின்னூலாக்குகிற வேலை எனக்கு. மங்கிப்போன ஒரு பக்கத்தைப் படம் எடுத்து, உரையாடல் ஏஐ ஒன்றில் போட்டேன். படிக்க முடியாத வரியை அப்படியே விடாமல், பொருத்தமாக ஒரு வரியை அதுவே எழுதிச் சேர்த்துவிட்டது. நல்ல தமிழாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை, மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டபோதுதான் பிடிபட்டது. எவ்வளவு பெரிய ஆபத்து பாருங்கள்! டெசராக்ட் போன்ற, படத்திலுள்ள எழுத்தை அடையாளம் கண்டு தரும் எழுத்துணரி மென்பொருள் ரகரத்தைத் துணைக்காலாக (ா) எடுக்கும், புள்ளியை விட்டுவிடும், ஆனால் அந்தப் பிழை கண்ணில் படும், திருத்திவிடலாம்.

பேட்டிகளை எழுத்தாக்க 2022-இல் வந்த விஸ்பர் இருக்கிறது. இலவசம், நம் கணினியிலேயே ஓடும் என்பதால் ஒலிப்பதிவு வெளியே போகாது. அதுவும் பேச்சில்லாத இடத்தில் சொல்லாததை எழுதுவதுண்டு, கேட்டுச் சரிபார்க்கத்தான் வேண்டும். மொழிபெயர்ப்புக்கு ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழு 2023-இல் வெளியிட்ட இண்டிக்டிரான்ஸ்2, அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள 22 இந்திய மொழிகளுக்கென்றே செய்யப்பட்டது. அப்புறம் கடிதத்தைச் சுருக்க, நடையைச் சீராக்க என்றால் சாட்ஜிபிடி, கிளாட், ஜெமினி எதுவும் சரி.

தொழில்நுட்பப் பக்கத்தில் புதிய ஏஐ வந்த செய்தியோடு நிறுத்தாமல், எந்த வேலைக்கு எது, அதில் தமிழ் எப்படி இருக்கிறது என்று சோதித்து எழுதுங்கள். என் போன்றவர்கள் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்