போர்வை முதலில் வரட்டும், நாங்கள் பிறகு வருகிறோம்

தத்துக் கொடுக்கும் குழந்தை இல்லங்களை நடத்துவோருக்கு,

வணக்கம். நானும் வீட்டுக்காரரும் தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். தத்துக்குப் பதிந்து, சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்து அறிக்கையும் எழுதியாகிவிட்டது. இனி எங்கள் முறை வர வேண்டும். அதுவரை கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, போர்வை தைக்கிறேன்.

பஞ்சு வைக்கவில்லை. வடசென்னை வெக்கையில் பெரியவர்களே அதை உதறிவிடுவோம். உள்ளே மாமனாரின் பழைய வேட்டி. மேலே அம்மாவின் சுங்குடி, என் நைட்டி, காசிமேட்டில் மீன் விற்கும் பக்கத்து வீட்டு ஆயாவின் வாயில் புடவை. எம்.சி. ரோட்டில் வாங்கிய கட்பீஸும் கொஞ்சம் உண்டு. அதன் கஞ்சி முறைப்பு போகத் துவைத்துத் துவைத்துத்தான் பழசோடு சேர்ந்தது. சரிகை, பொத்தான் கிடையாது. குட்டி விரல் மாட்டாதபடி ஓடுதையல் நெருக்கமாக ஓடுகிறது. பிறந்த பிள்ளையைப் பழந்துணியில் ஏந்துவது நம் வழக்கம்தானே. எங்களுக்கு வருவது கைக்குழந்தையாக இல்லாமல் போகலாம். அதற்காக வழக்கத்தை விடுவானேன்?

குழந்தையின் விவரம் வந்தால் 48 மணி நேரத்துக்குள் நாங்கள் சரி என்று பதிய வேண்டும். பிறகு நேரில் பார்த்து ஏற்றுக்கொள்ள 30 நாள் வரை விதி இடம் தருகிறது. அந்த இடைவெளியில் எங்கள் போர்வை குழந்தையிடம் இருக்கட்டும். தூங்கும்போது போர்த்த வேண்டாம், சின்னக் குழந்தைக்கு மூச்சு முட்டும். பகலில் தரையில் விரித்து விளையாட விடுங்கள். நோய்த்தொற்று என்பீர்கள். நியாயம்தான்; வெந்நீரில் அலசிக் காயவையுங்கள். எங்கள் வாசம் போனாலும் நிறங்கள் கண்ணுக்குப் பழகியிருக்கும். பொருத்தம் கைகூடாவிட்டால் திருப்பி அனுப்பவும் வேண்டாம்.

இன்னொன்று. கிளம்பும்போது குழந்தை அங்கே போட்டிருந்த சட்டை ஒன்றையும் தந்தனுப்புங்கள். புது உடை மாட்டி, பொட்டு வைத்து, பளிச்சென்று கையில் கொடுப்பது உங்கள் அன்பு, தெரியும். ஆனால் அந்தப் பிள்ளைக்கு அன்றைக்கு எல்லாமே புதுசு: முகம், குரல், ஆட்டோ சத்தம், எங்கள் தெருவின் கருவாட்டு வாசம். கறை படிந்த சட்டையே போதும். அதை வெட்ட மாட்டேன், முழுசாக ஓரத்தில் வைத்துத் தைப்பேன். எங்களுக்கு முன்னால் உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள் இருந்தார்கள் என்று பிற்பாடு காட்ட எங்களிடம் வேறென்ன இருக்கும்? 2022 முதல் கலெக்டரே தரும் தத்து ஆணை ஒரு காகிதம்தான்.

எந்த இல்லத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வருமோ, அதனால்தான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். சட்டையைத் துவைக்காமலே தரலாம்.

இப்படிக்கு,
காத்திருக்கும் ஓர் அம்மா